ராவென்னாவில் ஒரு பகல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இத்தாலியின் வடகிழக்கிலுள்ள ராவென்னா நகரம், வெனிஸைப் போலவே அட்ரியாட்டிக் கடலோரப் பகுதியில் இருப்பதால், வெனிஸில் தங்கியபடியே காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். வரைபடத்தில் அருகருகே தெரியும் இவ்விரு நகரங்களுக்கும் இடையில், போ ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் சதுப்பு நிலம் பரந்து கிடப்பதால், கரையை ஒட்டி நேராகச் செல்லும் ரயில் பாதை கிடையாது. உள்நாட்டுப் பக்கமாகச் சுற்றி, ஃபெராராவிலோ பொலோன்யாவிலோ வண்டி மாறித்தான் வர வேண்டும். ஒரு வழிப் பயணத்துக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. பொலோன்யாவிலிருந்து வருவோருக்கு நேரடி ரயில் உண்டு என்பதாலும், ஒன்றேகால் மணி நேர அளவில் வந்து சேரலாம் என்பதாலும், ஒரு நாள் பயணத்துக்குத் தங்குமிடமாக அந்நகரமே ஏற்றது. அந்த வட்டார ரயில்களுக்கு அச்சிட்ட பயணச்சீட்டு வாங்கியவர்கள், ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறு கருவியில் அதைச் செருகி நேர முத்திரை பதித்துக்கொள்ளாவிட்டால், கையில் சீட்டு இருந்தும் அபராதம் செலுத்த நேரும்.

வந்து சேர்ந்த பின், சிறிய ஊர்தானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்ற கணிப்பும் தவறானதே. பகைவர் எளிதில் நெருங்க முடியாத சதுப்புகள் சூழ்ந்திருந்ததால், 402ஆம் ஆண்டில் ஹொனோரியஸ் என்ற பேரரசர் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார். அதன் பிறகு கோத் இனத்து அரசர்களும், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசின் ஆளுநர்களும் இங்கேயே அமர்ந்து ஆட்சி செலுத்தினர். அக்காலக் கட்டடங்களுள் எட்டு, 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றில் பேராயத்தின் பொறுப்பில் உள்ளவற்றுக்கு ஒரே கூட்டுச்சீட்டு போதுமென்றாலும், கால்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்துக்குள் குறித்த நேரத்தில், சிறு சிறு குழுக்களாக, சில நிமிடங்கள் மட்டுமே அனுமதிக்கப்படுவதால், அந்நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்து மற்ற இடங்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அந்த மண்டபத்தின் பெயரும் ஒரு தவறான நம்பிக்கைக்கு இடமளிக்கிறது. ஹொனோரியஸின் சகோதரியும், சிறுவனாக அரியணை ஏறிய தன் மகனுக்காகப் பேரரசை ஆண்டவருமான கால்லா பிளாசிதியா இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டாலும், அவர் 450இல் ரோமில் இறந்தார் என்பதும், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதுமே வரலாற்றாசிரியர்களின் கருத்து. நிலம் தாழ்ந்துகொண்டே வந்ததால் மண்டபத்தின் தளம் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தப்பட்டது. ஆகவே முதலில் அமைத்தவர்கள் எண்ணியதைவிட மிக அருகில், நீல விதானமும் அதில் வரிசை வரிசையாகப் பதித்த பொன் விண்மீன்களும் இன்று தலைக்கு மேல் கவிந்து நிற்கின்றன.

படங்களில் பார்த்ததே நேரிலும் இருக்கும் என்ற எண்ணம் இந்நகரத்தின் விஷயத்தில் சிறிதும் பொருந்தாது. மொசைக் என்பது, தெஸ்ஸெரா எனப்படும் சிறு கண்ணாடித் துண்டுகளையும் கல் துண்டுகளையும் ஈரச் சாந்தில் ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்து உருவாக்கும் சித்திரம். பொன் துண்டுகளில், மெல்லிய தங்கத் தகடு இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே வைத்து உருக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். அவற்றை ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தாலே ஒரு பகுதி மங்கி மற்றொரு பகுதி ஒளிர்கிறது. அசையாத நிழற்படம் இந்த மாற்றத்தைக் காட்ட இயலாது. எனவே கைபேசியை எடுப்பதற்கு முன், ஒரே சுவரை மூன்று நான்கு இடங்களில் நின்று பார்ப்பது அவசியம்.

சான் விதாலே தேவாலயத்தின் பலிபீடப் பகுதியில், பரிவாரங்கள் சூழ நிற்கும் பேரரசர் ஜஸ்டினியனையும் எதிர்ச்சுவரில் அரசி தியோடோராவையும் காண்போர், இருவரும் இங்கே திறப்பு விழாவுக்கு வந்திருந்தனர் என்றே முடிவு செய்கின்றனர். இருவருமே ராவென்னாவில் கால் வைத்ததில்லை. கோத் அரசு நீடித்த காலத்திலேயே எக்லேசியஸ் என்ற ஆயர் கட்டத் தொடங்கிய இக்கோயிலுக்கு, யூலியஸ் அர்ஜென்டாரியஸ் என்ற செல்வர் பொருள் வழங்கினார். ஜஸ்டினியனின் படை நகரத்தைக் கைப்பற்றிய 540க்குப் பிறகே அது முடிக்கப்பட்டு, 547இல் மாக்சிமியன் என்ற ஆயரால் அர்ச்சிக்கப்பட்டது. பேரரசரின் தலைக்கு மேல்கூட இல்லாத பெயர்ப்பொறிப்பு மாக்சிமியனின் தலைக்கு மேல் மட்டும் இருப்பது, உள்ளூரில் யார் அதிகாரம் செலுத்தினார் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆட்சி மாற்றத்தின் கடுமையைக் காண வேண்டுமானால் சாந்த் அப்போலினாரே நுவோவோ தேவாலயத்துக்குச் செல்ல வேண்டும். தியோடரிக் என்ற கோத் அரசர், கிறிஸ்து இறைத்தந்தைக்கு நிகரானவர் அல்லர் எனக் கொள்ளும் ஆரியஸின் சமயக் கொள்கையைப் பின்பற்றியவர். தம் அரண்மனைக் கோயிலாக அவர் கட்டிய இங்கே, அரண்மனையைக் காட்டும் சித்திரத்தின் வளைவுகளுக்கிடையே மனித உருவங்களும் இருந்தன. பைசாந்தியர் கோயிலைக் கைக்கொண்டபோது அவ்வுருவங்களைப் பெயர்த்தெடுத்து, வெற்றிடத்தில் திரைச்சீலைகளைப் பதித்தனர். ஆனால் தூண்களின் மீது படிந்திருந்த கைகளை எடுத்தால் தூண்களும் சிதையும் என்பதால் போலும், அவற்றை விட்டுவிட்டனர். உடலில்லாத அந்தக் கைகளும் விரல்களும் வெண்ணிறத் தூண்களின் மேல் இன்றும் தெரிகின்றன. வாயிலில் நுழைந்து வலப்புறச் சுவரின் முற்பகுதியை நிமிர்ந்து நோக்காதவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்; ராவென்னாவில் தவறவிடக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுவே.

கவிஞர் தாந்தேயின் சமாதி ஃப்ளாரன்ஸில் உள்ளது என்பதும் பரவலான நம்பிக்கை. அந்நகரத்தின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் இருப்பது உடல் இல்லாத நினைவுச்சின்னம்; 1302இல் ஃப்ளாரன்ஸால் நாடுகடத்தப்பட்ட தாந்தே, 1321இல் ராவென்னாவில் இறந்து இங்கேயே அடக்கமானார். பிற்காலத்தில் எலும்புகளைத் திருப்பிக் கேட்டு ஃப்ளாரன்ஸ் போப்பாண்டவரின் இசைவையும் பெற்றபோது, பிரான்சிஸ்கன் துறவிகள் அவற்றை மறைத்துவிட்டனர். 1865இல்தான் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டன.

இறுதியாக, ஒரே புனிதரின் பெயரைத் தாங்கிய இரண்டு தேவாலயங்களையும் ஒன்றெனக் கருதும் குழப்பம் பயணத் திட்டத்தையே பாதிக்கக் கூடியது. நுவோவோ நகரின் நடுவில் உள்ளது; 549இல் அர்ச்சிக்கப்பட்ட மற்றொன்றோ, ரோமானியர் காலத்தில் கடற்படைத் துறைமுகமாக இருந்து வண்டல் படிந்து தூர்ந்துபோன கிளாசே என்ற இடத்தில், நகரத்துக்கு வெளியே சில கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அதற்குத் தனிச்சீட்டு வேண்டும். ரயிலிலோ பேருந்திலோ சென்று திரும்பப் பிற்பகலில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். கடைசி நுழைவு நேரத்தையும், பொலோன்யாவுக்குத் திரும்பும் ரயிலின் நேரத்தையும் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.