பாட்டிக்குக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு?

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது பழமொழி. நம் உடலுக்குச் சுவராக நிற்பவை எலும்புகள். அவற்றுக்கு உறுதி தருவது கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்து. உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு பங்குதான் இரத்தத்திலும் தசைகளிலும் இருந்துகொண்டு, இதயம் துடிக்கவும் தசைகள் சுருங்கவும் இரத்தம் உறையவும் உதவுகிறது.

முதிய பெண்களுக்கு ஏன் கவலை?

மாதவிடாய் நின்றபின் பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அதனால் எலும்பு கரையும் வேகம் கூடுகிறது. வயது ஏற ஏற, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சும் திறனும் குறைகிறது. எலும்பு உள்ளே துளைகள் விழுந்து மெலிவதை 'எலும்புப் புரை நோய்' என்கிறார்கள். இந்நோய்க்கு வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே பலருக்கு அது தெரிய வருகிறது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். அதுவரை வீட்டையே தாங்கி நின்றவர், பல மாதம் கட்டிலை விட்டு எழவில்லை.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு வெளியான பரிந்துரையின்படி, வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம் தேவை. நம் பாட்டிமாருக்கு அது கிடைக்கிறதா என்று எப்படி அறிவது?

இரத்தத்தைச் சோதித்தால் போதாதா?

போதாது. இரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை எப்போதும் ஒரே சீராக இருக்கும். அது குறையத் தொடங்கினால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். அன்றாடச் செலவுக்குப் பணம் போதாதபோது அம்மா சிறுவாட்டுக் காசை எடுப்பதைப் போன்றதே இது. செலவு தடையின்றி நடக்கும். உண்டியல் காலியாவது வெளியே தெரியாது. ஆகவே உண்ணும் உணவைக் கணக்கிட்டே தீர வேண்டும்.

அளக்கும் முறைகள்

முதலாவது, நிறுத்து எழுதும் முறை. உண்ணும் பொருள் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் குறிக்க வேண்டும். இதுவே நுட்பமானது. ஆனால் உழைப்பு மிகுதி. எழுதும் சிரமத்துக்கு அஞ்சி உணவையே மாற்றிக்கொள்வோரும் உண்டு.

இரண்டாவது, இருபத்துநான்கு மணி நேர நினைவு முறை. நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை என்ன உண்டார் என்று கேட்டு எழுத வேண்டும். இது எளியது. ஆனால் ஒருநாள் உணவு எல்லா நாளுக்கும் சான்றாகாது. தவக்கால வெள்ளிக்கிழமையில் கேட்டால் ஒரு கணக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கேட்டால் வேறொரு கணக்கு வரும். எனவே பல நாள் கேட்டுச் சராசரி காண வேண்டும்.

மூன்றாவது, உணவுப் பட்டியல் முறை. பால், தயிர், கேழ்வரகு, கீரை, எள், சிறுமீன் எனக் கால்சியம் உள்ள உணவுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு உண்கிறார் என்று கேட்க வேண்டும். வழக்கமான உணவைத் தெரிந்துகொள்ள இது உதவும்.

உணவின் அளவு தெரிந்தால் போதுமா? ஒவ்வோர் உணவிலும் எவ்வளவு சத்து உள்ளது என்றும் தெரிய வேண்டும். இதற்கு வழி காட்டும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதே என்பது நமக்குப் பெருமை. அது 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. 1971-இலும் 2017-இலும் அது இந்திய உணவுகளின் சத்து அட்டவணைகளை வெளியிட்டது.

ஒரு கணக்கு

ஒரு வீட்டில் 250 கிராம் கேழ்வரகு மாவில் 2000 மில்லிலிட்டர் கூழ் காய்ச்சுகிறார்கள். பாட்டி 400 மில்லிலிட்டர் குடிக்கிறார். அது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே அவர் உண்ட மாவு 50 கிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால், அவருக்குக் கிடைத்தது 175 மில்லிகிராம்.

இனி அவருடைய ஒருநாள் உணவு முழுவதையும் பார்ப்போம். இருவேளைக் காப்பிக்குச் சேர்த்த 100 மில்லிலிட்டர் பாலில் 120, கூழில் 175, 30 கிராம் முருங்கைக்கீரையில் 90, மோருக்கான 50 கிராம் தயிரில் 75, 250 கிராம் அரிசியில் 25, 30 கிராம் துவரம்பருப்பில் 20. ஆக மொத்தம் 505 மில்லிகிராம். கூழும் கீரையும் இல்லாத நாளில் இதுவே 240 ஆகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கூழும் கீரையும் உண்டால், சராசரி சுமார் 316 தான். தேவையோ 1200! வயிறு நிறையச் சோறு உண்டும் எலும்பு பட்டினி கிடக்கிறது.

எங்கே தவறு நேரும்?

பலர் ஒரே பானையில் எடுத்து உண்ணும் வீட்டில், கடைசியில் உண்பவர் பாட்டியே. அடியில் மிஞ்சியது எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. 'ஒரு டம்ளர்' என்றாலும் டம்ளருக்கு டம்ளர் அளவு வேறுபடும். ஆகவே அவருடைய டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ள வேண்டும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலும் கால்சியம் உண்டு. மருத்துவர் தந்த மாத்திரையிலும் உண்டு. இவற்றை உணவோடு சேர்க்காமல் தனியே குறிக்க வேண்டும். உண்டதெல்லாம் உடலில் சேர்ந்துவிடுவதும் இல்லை. பாலின் கால்சியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேரும். பாலக்கீரையில் ஆக்ஸலிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் அதிலுள்ள கால்சியத்தில் சிறு பங்கே சேரும். வெயில் படுவதால் உண்டாகும் வைட்டமின் டி இல்லாவிட்டால் எதுவும் சரிவரச் சேராது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு வேறொன்று. "பாட்டி, நேற்றுப் பால் குடித்தீர்களா?" என்று கேட்டால், "குடிச்சேன்டி கண்ணு" என்பார். உண்மையில் தம் பங்குப் பாலைப் பேரனுக்கு ஊற்றியிருப்பார். 'மருமகள் சரியாகக் கொடுக்கவில்லை' என்று பேர் வந்துவிடக் கூடாதே என்பதற்காகவும் 'குடித்தேன்' என்பார். இதைத் தராசு காட்டாது. எனவே பலர் நடுவில் கேட்காமல், தனியே, அன்பாகக் கேட்க வேண்டும். 'பால் குடித்தீர்களா?' என்று கேட்பதைவிட, 'காலையில் எழுந்ததும் என்ன சாப்பிட்டீர்கள்? அதற்குப் பிறகு?' என்று வரிசையாகக் கேட்பதே நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

தோழியரே, இந்தப் பாடம் பாட்டிமாருக்கு மட்டும் அன்று. 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்களுக்கும் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். எலும்பில் சத்தைச் சேமிக்கும் பருவம் நம் பருவமே. சுமார் முப்பது வயதுக்குப் பின் சேமிப்பு வளராது. செலவு மட்டுமே தொடரும்.

இந்த விடுமுறையில் வாரநாளில் இரண்டும் ஞாயிறு ஒன்றுமாக மூன்று நாள் நம் வீட்டுப் பாட்டியின் உணவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். சராசரி கண்டு அம்மாவிடமும் அப்பாவிடமும் காட்டுவோம். குறைவாக இருந்தால் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் மோரும் எள்ளுருண்டையும் அவர் இலையில் சேரட்டும். சிறுநீரகக் கல் முதலிய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்றம் செய்ய வேண்டும். முக்கியமாக, பாட்டி கடைசியில் உண்ணும் வழக்கத்தை மாற்றி, நம்மோடு உட்கார்ந்து உண்ணச் செய்வோம். அப்போதுதான் அவர் தட்டில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு