சொந்த மண்ணில் ஒரு வீடு

பாறசாலையைக் கடந்து தெற்கே சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது விளவங்கோடு வட்டம் அப்பக்கம் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பிழைப்பை நாடி எல்லை கடந்து வருவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்கள் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது ஒரு கூரை. கையில் பொருள் இல்லாதவர் சொந்த வீடு பெறுவது எங்ஙனம்? இவ்வட்டாரத்தின் வரலாறு இதற்கு மூன்று விடைகளைத் தருகிறது.

அரசர் அமைத்த தெரு

நெய்யாற்றின்கரைக்கு வடக்கே உள்ளது பாலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா (1798–1810) அரச குடும்பத்திற்கு ஆடை நெய்வதற்காக வள்ளியூர்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து இங்கே குடியமர்த்தினார். கைத்திறனே அக்குடும்பங்களின் முதல். அவர்கள் வாழ்ந்த தெருவில் தறியின் ஓசை இன்றும் ஓயவில்லை.

சட்டம் தந்த மனை

எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. நிலமற்ற தொழிலாளர் பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தனர். அவர்கள் ‘குடிகிடப்புக்காரர்’ எனப்பட்டனர். நிலவுடைமையாளரின் மனம் கோணினால் குடிசையும் போய்விடும் என்ற அச்சம் அவர்களை வாட்டியது. ஆகவே, குறைந்த கூலியையும் மறுக்க இயலாமல் உழைத்தனர்.

1970 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்றியது. குடிசை இருந்த மண்ணை விலைக்குப் பெறும் உரிமை அதில் குடியிருந்தவருக்குக் கிடைத்தது. ஊராட்சியில் 10 சென்ட் வரையிலும், சிறு நகராட்சியில் 5 சென்ட் வரையிலும் பெறலாம். சந்தை மதிப்பில் கால் பங்கே விலை. அதில் பாதியை அரசின் நிதி ஏற்றது. மீதியை 12 ஆண்டுத் தவணைகளில் செலுத்தலாம்.

எடுத்துக்காட்டாக, மனையின் சந்தை மதிப்பு 2,400 ரூபாய் எனில் விலை 600 ரூபாய். குடியிருப்பவரின் பங்கு 300 ரூபாய். ஆண்டுத் தவணை 25 ரூபாய் மட்டுமே!

மனையே இல்லாதோர்க்காக 1972இல் ‘லட்சம் வீடு’ திட்டம் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர்.

வங்கி தரும் கடன்

இன்று பலரும் நாடுவது வங்கிக் கடன். ‘முன்பணம் வேண்டாம்’ என்னும் விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன. ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் வீட்டு மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 20 லட்சம் ரூபாய் வீட்டிற்கு 18 லட்சம் கடன் கிடைத்தால், 2 லட்சம் கையிலிருந்து வரவேண்டும். கேரளத்தில் முத்திரைத்தாள் வரி 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. அவற்றிற்கு மேலும் 2 லட்சம் ஆகும்.

அந்த 18 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 16,195 ரூபாய். மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ 38 லட்சத்து 87 ஆயிரம். அதாவது, வாங்கிய கடனைவிட வட்டியே மிகுதி.

முன்பணம் குறைவதால் விலை குறைவதில்லை. எஞ்சிய சுமையை யாரேனும் சுமந்தே தீரவேண்டும். 1970இல் அச்சுமையின் பெரும்பகுதியைச் சட்டம் நீக்கியது. இன்றோ கடன் பெறுபவரே அதை முழுவதும் சுமக்கிறார். ஆகவே, கையெழுத்திடுமுன் கணக்கிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

அருஞ்சொற்பொருள்

முதல் – மூலதனம்
மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம்
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

பயிற்சி

1. குடிகிடப்புக்காரர் குறைந்த கூலியை மறுக்க இயலாமற்போனது ஏன்?
2. மனையின் சந்தை மதிப்பு 4,800 ரூபாய் எனில், 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுத் தவணை எவ்வளவு?
3. ‘முன்பணம் குறைவதால் விலை குறைவதில்லை’ – பாடக் கருத்தைக் கொண்டு விளக்குக.
4. வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, உம் குடும்பம் முதன்முதலில் குடியிருந்த வீட்டைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.