முசிறியும் மலைவளமும்

குன்னூரை அடுத்த லாம்ஸ் ராக் பாறை முனையில், வானம் தெளிந்த நாளொன்றில் நின்று கீழே நோக்கினால் கோயம்புத்தூர்ச் சமவெளி விரிந்து கிடப்பதைக் காணலாம். அச்சமவெளியின் மேற்கே, வடக்கில் நீலகிரியும் தெற்கில் ஆனைமலையும் மதில்களாய் நிற்க, மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டிருக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டை மேலைக் கடலோடு இணைத்த வாயில் இது.

அக்கடற்கரையில், பெரியாற்றின் கழிமுகத்தில், சேரரின் முசிறி இருந்தது. யவனர் மரக்கலங்கள் பொன் கொண்டு வந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் தருகிறது. கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட்டன என்றும் படகுகளே சரக்கைச் சுமந்தன என்றும் உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். முசிறி எனக் கருதப்படும் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகளும் மரத்தோணி ஒன்றும் கிடைத்தன.

முசிறியின் வாணிகம் எத்தகையது என்பதை ஓர் எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு நன்கு காட்டுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு இன்று வியன்னாவில் உள்ளது, 1985இல் வெளியிடப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்திற்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ‘ஹெர்மப்பொல்லோன்’ என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் கணக்கு. எஞ்சியுள்ள வரிகளில் கங்கைச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் எடை, விலையோடு குறிக்கப்பட்டுள்ளன. செங்கடற்கரையில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைநிலம் கடந்து கோப்தோஸை அடையும். அங்கிருந்து நைல் ஆற்றின்வழி, மத்தியதரைக்கடலின் பெருந்துறைமுகமாகிய அலெக்சாந்திரியா சேரும். அங்கே நான்கில் ஒரு பங்கு சுங்கமாகச் செல்லும். வரி ஒருபுறம் இருக்க, அவ்வொரு கப்பலின் சரக்கு மதிப்பே ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என ஆய்வாளர் கணிக்கின்றனர். தந்தமும் மிளகும் கடலில் விளைவன அல்ல. மலைக்காடுகளின் யானையும், மலைச்சரிவுகளில் படர்ந்த கொடியுமே துறைமுகத்திற்குச் செல்வம் தந்தன.

அதற்கு ஈடாக வந்த காசு துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை. 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் 500க்கு மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. கணவாயின் கிழக்கே, நொய்யல் கரைக் கொடுமணலில் மணிகள் பட்டை தீட்டப்பட்டன. படியூரின் பச்சைக்கல்லை உரோமானியர் பெரிதும் விரும்பினர்.

சமவெளி இவ்வாறு செழித்த காலங்களில் நீலகிரியின் உச்சியில் வாழ்ந்தோர் யார்? மலை முகடுகளில் காணப்படும் கற்குவைப் புதைகுழிகளே இவ்வினாவுக்குச் சான்று. மாவட்ட ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றுள் பலவற்றை அகழ்ந்தார். அவர் மறைந்த பின், 1873இல் அவரது நூல் வெளியானது. எருமை முதலிய உருவங்கள் அமைந்த மூடிகளையுடைய மட்கலங்களும், நுண்ணிய வேலைப்பாடுடைய வெண்கலக் கிண்ணங்களும், பொன்னணிகளும் இக்குழிகளில் கிடைத்தன. கிண்ணங்களுள் சில தொலைநாட்டிலிருந்து வந்தவையாகலாம் என்போர் உளர். குழிகள் எம்மக்களுடையவை என்பதிலும் கருத்து ஒருமிக்கவில்லை. எனினும் தேயிலை இம்மலைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இங்கு வாழ்ந்தோர் பொன்னையும் வெண்கலத்தையும் அறிந்திருந்தனர். இறந்தோரோடு அவற்றைப் புதைத்தும் வைத்தனர்.