நான்காம் ஆண்டோடு நின்றுவிடாத கணக்கு

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடம் நடத்தும் எல்லோருக்கும் அந்தக் கணக்கு நினைவிருக்கும். நேர்காணலுக்குப் போகும் ஒருவருக்கு நிறுவனம் இரண்டு வாய்ப்புகளைத் தருகிறது. முதல் வாய்ப்பில் தொடக்கச் சம்பளம் 20,000 ரூபாய், ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு. இரண்டாம் வாய்ப்பில் 22,000 ரூபாய், ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு. நான்காம் ஆண்டில் சம்பளம் எவ்வளவு என்பது கேள்வி. முதல் உறுப்பு, பொது விகிதம், நான்காம் உறுப்பு என்று போட்டால் 23,820 என்றும் 24,040 என்றும் விடை வரும். அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். தேர்வுக்கு அது போதும்.

சில ஆண்டுகளாக நான் அங்கே நிறுத்துவதில்லை. “ரெண்டுல எந்த வேலைக்குப் போவீங்க?” என்று கேட்கிறேன். நான்காம் ஆண்டு விடையைப் பார்த்ததும் வகுப்பில் பெரும்பாலோர் இரண்டாவதுக்குக் கை தூக்குவார்கள். அதில்தானே அதிகம் வருகிறது. “இன்னும் ஒரே ஒரு வருஷம் போட்டுப் பாருங்க” என்பேன். ஐந்தாம் ஆண்டில் முதல் வாய்ப்பு 25,250, இரண்டாவது 24,761. ஒரே ஆண்டில் ஆட்டம் மாறிவிடுகிறது. முப்பதாம் ஆண்டுக்குப் போனால் முதல் வாய்ப்பு 1,08,000ஐத் தாண்டுகிறது; இரண்டாவது 52,000ஐக்கூட எட்டவில்லை.

இந்தக் கணக்கை இழுத்துப் பிடிக்கக் காரணம் உண்டு. எங்கள் பள்ளி திருப்பூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பிள்ளைகளுக்கு பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கும். இன்னொரு பக்கம், “ஆறே மாதத்தில் ஆறு இலக்கச் சம்பளம்” என்று கைப்பேசியில் வந்து விழும் பயிற்சி நிலைய விளம்பரங்கள். அதற்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டத் தயாராக இருக்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். சம்பளம் எப்படி வளர்கிறது என்பதைப் பிள்ளைகள் எண்ணாகப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு நம் கையில் இருக்கும் நல்ல கருவி இந்தப் பாடம்தான்.

முதலில் அந்தச் சொல்லையே பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஆறு இலக்கம் என்பது அமெரிக்கப் பேச்சு. அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் என்று பொருள். நம் ஊர் விளம்பரத்தில் மாதத்துக்கா, ஆண்டுக்கா என்பது பல நேரம் இருக்காது. ஆண்டுக்கு 1,20,000 என்பதும் ஆறு இலக்கம்தான்; மாதத்துக்குப் பத்தாயிரம். இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். “மாசமா வருஷமா?” என்று கேட்கும் பழக்கம் அந்தச் சிரிப்பிலேயே வந்துவிடுகிறது.

பிறகு, பாடநூல் கணக்கில் இருப்பவர் எப்போது மாதம் ஒரு லட்சத்தைத் தொடுவார் என்று கேட்பேன். மடக்கை தெரியாத வகுப்புக்கு 72ஐ வைத்து ஒரு குறுக்கு வழி சொல்லித்தரலாம். 72ஐ உயர்வுச் சதவீதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 6 சதவீதத்துக்கு 12 ஆண்டு. இருபதாயிரம் 12 ஆண்டில் நாற்பது, 24 ஆண்டில் எண்பது, இன்னும் நான்கு ஆண்டில் லட்சம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் விரிதாளில் போட்டுச் சரிபார்த்தால் 28ஆவது உயர்வில் 1,02,234 வரும். 22 வயதில் சேர்ந்தவருக்கு 50 வயது. 3 சதவீதக்காரருக்கு 24 ஆண்டுக்கு ஒருமுறைதான் இரட்டிப்பு. 48 ஆண்டு வேலை பார்த்தாலும் 90,000ஐ ஒட்டித்தான் நிற்பார். அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “டீச்சர், உங்களுக்கு எவ்வளவு?”

நான் மழுப்புவதில்லை. நம் ஊதிய அட்டவணை ஒன்றும் இரகசியம் இல்லை. பட்டதாரி ஆசிரியருக்கான நிலை 16 தொடங்குவது 36,400இல். ஆண்டு உயர்வு 3 சதவீதம், நூறுக்கு முழுமையாக்கினால் அடுத்த கட்டம் 37,500. இப்படி ஒன்பது உயர்வு பெற்றால் 47,500. “மூணு சதவீதம்னா அந்த ரெண்டாவது வாய்ப்பு மாதிரியா?” என்று பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அங்கேதான் அகவிலைப்படி வருகிறது.

புதிய ஊதிய விகிதத்தில் அகவிலைப்படி 2016 ஜனவரியில் பூஜ்யத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. 2025 ஜனவரியில் அது 55 சதவீதம். விலைவாசிக் குறியீட்டை வைத்து நிர்ணயிக்கப்படுவது என்பதால், அன்று நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருள்கள் ஒன்பது ஆண்டு கழித்து ஏறத்தாழ 155 ரூபாய் என்று அதைப் படிக்கலாம். அப்படியானால் ஆண்டுக்கு விலை எவ்வளவு ஏறியிருக்கும்? 55ஐ 9ஆல் வகுத்து ஆறு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அது கூட்டுத் தொடர்வரிசையில் யோசிப்பது. பெருக்குத் தொடர்வரிசையில் யோசிக்கச் சொல்லி, 1.05இன் கனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வேன்: 1.157625. அதற்கு மறுபடியும் கனம்: 1.551. ஒன்பதாம் அடுக்கு கிடைத்துவிட்டது, 55 சதவீதமும் கிடைத்துவிட்டது. விலைவாசி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்பதை யாரும் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்கும் தருணம் இது. இந்த அலகு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம் இதுதான்.

47,500உடன் 55 சதவீதத்தைச் சேர்த்தால் 73,625 (வீட்டு வாடகைப்படி முதலியன தனி). 36,400ஐப் போல் இரு மடங்கு. ஆனால் அந்த இரட்டிப்பில் 55 சதவீதம் விலைவாசி எடுத்துக்கொண்டது. உண்மையான வளர்ச்சி 30 சதவீதம்தான் என்று பலகையில் பிரித்து எழுதுவேன்.

இப்போது பாடநூல் ஆளிடம் திரும்பலாம். 28 உயர்வுக்குப் பிறகு அவர் பெறும் 1,02,234 ரூபாயை, 5 சதவீத விலையேற்றத்தில் 1.05இன் 28ஆம் அடுக்கான 3.92ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 26,000. இருபதாயிரத்தில் தொடங்கியவர் 28 ஆண்டு உழைத்து, இன்றைய கணக்கில் இருபத்தாறாயிரத்துக்கு வந்திருக்கிறார். ஆறு இலக்கம் வந்துவிட்டது, வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. முதல் முறை இந்த எண் வரும்போது பிள்ளைகள் கணக்கில் பிழை என்றுதான் நினைப்பார்கள். சரிபார்க்க விடுங்கள்.

அப்படியென்றால் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் எப்படி வந்தார்கள்? ஆண்டு உயர்வால் மட்டும் அல்ல. வேலையின் தரம் மாறும்போது வரும் தாவல்களால். அதே 20,000, அதே 6 சதவீதம். ஆனால் இடையில் மூன்று முறை பதவி உயர்வு, புதிய திறன், வேறு வேலை என்று தலா 30 சதவீதம் கூடினால், லட்சத்தைத் தொட 28 உயர்வு வேண்டாம், 15 போதும். வரைபடத்தில் வரைந்தால் சாய்வான கோட்டுக்கு நடுவே மூன்று படிகள் தெரியும்.

இதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. பனியன் கம்பெனியில் கைமடி, செக்கிங், ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஷிப்ட் கூலி வேறு. ஒரே மேசையில் இருப்பவருக்குக் கூலி எப்போது உயரும்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் பேசி ஒப்பந்தம் போடும்போது. மேசை மாறுபவருக்கு அன்றே உயரும். “எங்க சித்தி கைமடியில இருந்து ஓவர்லாக் கத்துக்கிட்டாங்க, சனிக்கிழமை சம்பளத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது” என்று ஒரு மாணவி சொன்னாள். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெற்றோர் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்கவே கூடாது. ‘நம் ஊரில் கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, எலக்ட்ரீஷியனுக்கு என்ன கூலி?’ என்று தொழிலைக் கேட்கலாம், ஆளைக் கேட்க வேண்டாம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் பத்தாவதோடு வேலைக்குப் போவதாகச் சொன்னான். நன்றாகக் கணக்குப் போடுபவன். அவன் அம்மாவிடம் பேசினேன். “இப்ப வர்ற காசு வேணுங்க டீச்சர்” என்றார். இதை அறியாமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாடநூல் கணக்கையே மொத்த வருமானமாகக் கூட்டிப் பாருங்கள். ஐந்து ஆண்டு முடிவில் 22,000இல் தொடங்கியவர்தான் ஏறத்தாழ 48,700 ரூபாய் முன்னே இருப்பார். ஏழாம் ஆண்டு முடிவிலும் அவரே முன்னிலை. எட்டாம் ஆண்டில்தான் மற்றவர் மொத்தத்திலும் முந்துகிறார். ஏழு ஆண்டு காத்திருக்க வீட்டில் வசதி வேண்டும். அந்த அம்மா போட்ட கணக்கு தவறில்லை; அது குறுகிய காலத்துக்கான கணக்கு.

ஆகவே அறிவுரையை விட்டுவிட்டு, இடையில் உள்ள காலத்தை எப்படிக் கடப்பது என்று பேசினோம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி என்று மேலே படிப்பவர்களுக்கு மாணவர் என்றால் தமிழ்ப் புதல்வன், மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஒவ்வொன்றும் ஒரு படி, எந்தப் படியிலும் இறங்கி வேலைக்குப் போகலாம். அவன் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். விடுமுறையில் கம்பெனிக்கும் போகிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அந்த வீட்டின் நிலை அது.

கடைசிப் பாடவேளையில் பணி நியமனக் கடிதத்தைப் படிக்கக் கற்றுத்தருகிறேன். ‘சி.டி.சி. ஆண்டுக்கு 3,60,000’ என்று எழுதினால் வகுப்பு முழுவதும் மாதம் முப்பதாயிரம் என்கிறது. சி.டி.சி. என்பது அந்த ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. கைக்கு வரும் சம்பளம் அன்று. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதி 12 சதவீதம், ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்காக ஒதுக்குவது அடிப்படையில் 4.81 சதவீதம், 8,658. வேலைத்திறனைப் பார்த்துத் தருவது பத்தில் ஒரு பங்கு, 36,000. மருத்துவக் காப்பீடு 5,742. கழித்தால் மீதி 2,88,000, மாதம் 24,000. அதிலும் ஊழியர் பங்காக வைப்புநிதி 1,800 பிடித்தால் 22,200, அதற்குமேல் தொழில் வரி. வைப்புநிதி நம் பெயரில்தான் சேர்கிறது, வீண் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் பிடித்தம் எல்லாம் ஏமாற்று என்று எடுத்துக்கொள்வார்கள். விடுதிக் கட்டணம், வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் இந்த 22,000த்திலிருந்துதான்.

இதெல்லாம் முடிந்தபின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், அஞ்சு வருஷம் வேலைக்குப் போயிட்டு, கல்யாணம் குழந்தைன்னு அஞ்சு வருஷம் வீட்ல இருந்துட்டுத் திரும்பப் போனா?” அந்தக் கணக்கை அவளையே பலகையில் போடச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டில் 25,250. பதினோராம் ஆண்டில் அதே சம்பளத்தில் திரும்புகிறாள். உடன் சேர்ந்து விடாமல் வேலை பார்த்தவர் அப்போது 35,817இல் இருக்கிறார். இடையே ஆறு ஆண்டு விலையேற்றத்தைக் கழித்தால் அவளுடைய 25,250, பழைய மதிப்பில் 18,842. முதல் நாள் வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவு. சாக்பீஸை வைத்துவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அந்த அஞ்சுல ரெண்டரை வருஷம் அப்பா இருந்துக்கிட்டா, டீச்சர்?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மணி அடித்துவிட்டதால் அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.