முதலில் சோதனை, பிறகுதான் சாமான்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் டகோமாவின் கிரவுன் பினியனை மாற்றியதிலிருந்து பின் டிஃபரன்ஷியல் லாக் விழவில்லை, பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். புது ஆக்சுவேட்டர் மோட்டார் வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. நேற்று வரை நன்றாக ஓடிய மோட்டார், கிரவுன் மாற்றிய அன்றைக்கே பார்த்துத் தானாகச் சாவது அபூர்வம். எங்கே கை பட்டதோ அங்கேதான் பழுதை முதலில் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். சேற்றிலோ பாறையிலோ அந்தக் குணமே நம்மைக் கவிழ்க்கும். பிடிப்பில்லாத சக்கரம் வீணாகச் சுற்றும், பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். லாக் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். உன் வண்டியில் இந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய மின் மோட்டார். அது ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் பல் வைத்த ஸ்லீவை நகர்த்திக் கோர்க்கும். கோர்த்ததைப் பொசிஷன் சுவிட்ச் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்தச் செய்தி வரும்வரை விளக்கு மின்னும், வந்ததும் நிலையாக எரியும்.

ஆகவே நீ கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். கட்டளை போனதா? ஸ்லீவ் நகர்ந்ததா? செய்தி திரும்பி வந்ததா?

கட்டளையில் தொடங்கு. உன் 2017 மாடலில் 4L போட்டிருந்தால்தான் லாக் விழும். 2H-லோ 4H-லோ எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. வண்டி நின்றிருக்க வேண்டும், அல்லது மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். 4L விளக்கே மின்னிக்கொண்டிருந்தால் பழுது டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம், ஆக்சிலில் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. 3.91 பல் விகிதம் இருந்த இடத்தில் 4.88 போட்டிருக்கிறாய். முன் ஆக்சிலிலும் அதே 4.88 போட்டாயிற்றா? பின்னால் மட்டும் மாற்றியிருந்தால் 4L போட்டு வண்டியை நகர்த்தாதே. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று டிரான்ஸ்ஃபர் கேஸையே உடைத்துவிடும்.

இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியானால் மண் தரையில் 4L போட்டு, பொத்தானை அழுத்தி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பியபடி சில மீட்டர் ஊர்ந்து போ. ஸ்லீவின் பல்லும் எதிர்ப் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் உள்ளே நுழையாது. சக்கரங்கள் கொஞ்சம் வித்தியாசமாகச் சுற்றினால் வழி கிடைக்கும். பல வண்டிகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வை. பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து, ஜாக்கை மட்டும் நம்பாதே. இன்ஜினை அணைத்து, இக்னிஷன் ஆனில், 4L-இல் லாக் பொத்தானை அழுத்து. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் லாக் விழவில்லை. இரண்டும் அசையாமல் இறுகி நின்றால் விழுந்துவிட்டது. இந்த ஒரு சோதனையே பாதி வழியைக் காட்டிவிடும்.

லாக் விழுந்தும் விளக்கு மின்னினால் குற்றம் செய்தியில். பொசிஷன் சுவிட்சின் கனெக்டர் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா, டிஃபரன்ஷியலைக் கழற்றி மாட்டும்போது ஒயர் நசுங்கியதா, இழுபட்டு அறுந்ததா என்று பார். பிறகு மல்டிமீட்டரைச் சுவிட்சில் வை. லாக் விழுந்தபோதும் விலகியபோதும் அது வெவ்வேறாகக் காட்ட வேண்டும்.

லாக் விழவே இல்லையென்றால், ஒருவர் பொத்தானை அழுத்தும்போது மோட்டாருக்குப் போகும் கனெக்டரில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா என்று அளந்து பார். வரவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, ஒயர் எனப் பின்னோக்கிப் போ. வோல்டேஜ் வந்தும் மோட்டாரில் சத்தமே இல்லையென்றால்தான் மோட்டாரைச் சந்தேகி. அப்போதும் கழற்றிப் பார்த்த பிறகே முடிவு செய். நெடுநாள் பயன்படுத்தாத மோட்டாருக்குள் ஈரம் புகுந்து துருப்பிடித்து இறுகுவது உண்டு.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, லாக் விழவில்லை என்றால், கிரவுன் மாற்றிய பிறகு நான் அதிகம் சந்தேகிப்பது இந்த இடத்தைத்தான். திரும்ப மாட்டும்போது ஸ்லீவும் மோட்டாரும் இரண்டுமே விலகிய நிலையில் இருக்க வேண்டும். மோட்டாரின் பல்லும் ஃபோர்க் தண்டின் பல்லும் ஒரு பல் தவறிச் சேர்ந்தாலும், ஸ்லீவ் முழுதாகக் கோர்க்கும் முன்பே மோட்டார் தன் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். மோட்டாரைக் கழற்றி, இரண்டையும் விலகிய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி மாட்டினால் சரியாகும். பொருத்தும் இடத்து ஓ-ரிங்கை மட்டும் புதிதாகப் போடு. அதன் வழியாகத்தான் தண்ணீர் புகும்.

லாக் விழுந்ததும் ஏபிஎஸ், விஎஸ்சி விளக்குகள் எரிந்தால் பயப்படாதே, அது அப்படித்தான் இருக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் லாக்கோடு ஓட்டாதே. புதுப் பல்லுக்கு முதல் 800 கிலோமீட்டர் பழகும் காலம். அதுவரை பாரம் இழுக்காதே, சூடேறினால் நிறுத்தி ஆறவிடு, அது முடிந்ததும் ஆயிலை மாற்று. பின்னாளில் மாதம் ஒருமுறையாவது மண் தரையில் லாக்கைப் போட்டு எடு. அசைந்துகொண்டிருக்கும் மோட்டார் எளிதில் இறுகாது.

நீ கேட்டது ஒரு லாக்கைப் பற்றி. ஆனால் எந்த வண்டியின் எந்தக் கோளாறுக்கும் இந்த மூன்று கேள்விகளும் பொருந்தும். அனுமானத்தில் சாமான் மாற்றுகிறவன் காசையும் இழப்பான், கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் இழப்பான். ஒவ்வொரு சோதனையிலும் என்ன கண்டாய் என்பதை வரிசையாகத் தாளில் குறித்து எனக்கு எழுது. அதுவரை கடைப் பக்கம் போகாதே.

அன்புடன்,
மாமா