கிச்சன் கழிவுல காய்கறி வளர்த்தா உண்மையிலேயே காசு மிச்சமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

"வெட்டிப் போடுற காயிலிருந்தே காய் வளருங்க, மாச பட்ஜெட் குறையும்"னு நிறைய வீடியோ வருது. கணபதியில எங்க வீட்டு மாடியில நானும் செஞ்சு பார்த்தேன். க்ரோ பேக், தென்னை நார்க்கழிவு, உரம் எல்லாம் சேர்த்து செலவு 4,800 ரூபாய். செப்டம்பர் ஆடிட் சீசன்ல தண்ணி ஊத்த மறந்தேன், எல்லாம் காஞ்சு போச்சு. மொத்தமும் நஷ்டக் கணக்கு!

அம்மா பழைய பெயிண்ட் வாளியில வச்ச புதினா மட்டும் இன்னைக்கும் தழையுது. இதுலதான் பாடம் இருக்குங்க.

புதினா: இலையைக் கிள்ளிட்டு தண்டைத் தண்ணியில வச்சா ஒரு வாரம், பத்து நாள்ல வேர் விடும். அப்புறம் மண்ணுல நடுங்க. வாரம் ரெண்டு கட்டு, கட்டு 10 ரூபாய்னா வருஷத்துக்கு 1,040 ரூபாய் மிச்சம். பழைய வாளின்னா முதல் மாசமே லாபம். 1,500 ரூபாய்க்கு செட் வாங்கினா, போட்ட பணம் திரும்பவே 17 மாசத்துக்கு மேல ஆகும்.

சின்ன வெங்காயம்: தொண்டாமுத்தூர் பக்கம் விவசாயிங்க காயையே விதையா நடுறாங்க. முளைச்ச வெங்காயத்தைத் தூக்கிப் போடாம நட்டா, முதல்ல தாள், ரெண்டு மூணு மாசத்துல கொத்தா காய். 2019 கடைசியில வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டினது ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நேரத்துல தாள் கை கொடுக்கும்.

கேரட்: மேல் துண்டை வச்சா கீரை மட்டும்தான் வரும், கேரட் வராது.

இஞ்சி: அறுவடைக்கு எட்டு மாசத்துக்கு மேல ஆகும். பொறுமை இருந்தா மட்டும்.

கறிவேப்பிலை: காய்கடையில கொசுறாவே தர்றாங்க. பண மிச்சம் பூஜ்யம்! மருந்தடிக்காத இலை வேணும்னா வளருங்க.

மாடித்தோட்டம் பெருசா போடணும்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி தோட்டக்கலைத் துறையில மானிய கிட் இருக்கான்னு கேளுங்க. 2013-14லயே சென்னையிலயும் நம்ம கோவையிலயும் அரசு இதை ஆரம்பிச்சது.

சுருக்கமா: வாரா வாரம் காசு கொடுத்து வாங்குறதை மட்டும் வளருங்க. முதலீட்டைப் பூஜ்யத்துல ஆரம்பிங்க. மூணு மாசம் ஒரு வாளி தழைச்சா, அந்த மிச்சத்துல அடுத்த தொட்டி வாங்குங்க. எஸ்ஐபி-யும் இப்படித்தானுங்க, சின்னதா ஆரம்பிச்சு விடாம செய்யணும்.