கெளுத்திகள் ஏன் இறந்தன? – மீன்தொட்டி கற்றுத்தந்த நைட்ரஜன் சுழற்சி

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் அறையில் மூன்று அடி நீள மீன்தொட்டி ஒன்று உள்ளது. மூன்றாண்டுகளுக்கு முன் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கிய கப்பி மீன்களும், கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்திகள் ஆறும் அதில் வளர்ந்தன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இக்கெளுத்திகள் தொட்டியின் அடியிலேயே மீசையால் துழாவி இரை தேடும். மாணவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘மீசைக்காரர்கள்’.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை இரண்டு கெளுத்திகள் இறந்து கிடந்தன. வியாழனன்று ஒன்று, வெள்ளியன்று ஒன்று. நன்கு வளர்ந்த ஆறில் நான்கு போய்விட்டன. கப்பிகளோ எப்போதும்போல் நீந்திக்கொண்டிருந்தன. உடலில் புண் இல்லை, வெண்புள்ளி இல்லை.

மீன்களுக்கு இரை போடும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவருடையது. “அவதான் டீச்சர் நிறைய சாப்பாடு போட்டுட்டா” என்றார்கள் பிள்ளைகள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. “பார்த்துப் போடக் கூடாதாம்மா?” என்று கேட்டுவிட்டேன். அந்த மாணவி பதில் சொல்லவில்லை. திங்களன்று பள்ளிக்கும் வரவில்லை. அன்று மாலைதான் எனக்கு உறைத்தது. ஒரு சான்றும் இல்லாமல் தீர்ப்புச் சொல்லியிருந்தேன், அதுவும் அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு.

மறுநாள் பெற்றோரிடம் பேசி மாணவியை வரவழைத்தேன். வகுப்பு முன்னிலையில், “நான் விசாரிக்காமல் பேசியது தவறு. இப்போது விசாரிப்போம்” என்றேன். நைட்ரஜன் சுழற்சிப் பாடம் அப்படித்தான் தொடங்கியது.

முதல் படி: கருதுகோள்கள்

ஐந்து குழுக்களும் தத்தம் ஐயத்தைக் கரும்பலகையில் எழுதின: அதிக இரை, முதுமை, வெயில், நோய், தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது உண்மையானால் என்ன தெரிய வேண்டும்?’ என்ற கேள்வியை எழுதச் சொன்னேன். பாடத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

முதுமை என்றால், நான்கும் மூன்றே நாளில் இறந்திருக்க வேண்டியதில்லை. நல்ல பராமரிப்பில் இவ்வகைக் கெளுத்திகள் ஐந்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. நோய்க்கு வெளி அடையாளம் இல்லை. வெயில்? தொட்டி நீர் 30 டிகிரி செல்சியஸ் காட்டியது. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.5. இது துணைக்காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வெயில் இரண்டு வாரமாகவே இருந்தது.

இரண்டாம் படி: குறிப்பேடு

இரை போடும் மாணவி நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேட்டைப் புரட்டினோம். எல்லா நாளும் ‘காலை அரைக் கரண்டி’. ஒரு நாளும் மாறவில்லை. அதிக இரை என்ற குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது.

அடுத்து என் கண்ணில் பட்டது, முதல் இறப்புக்கு முந்தைய நாளின் வரி: ‘மீசைக்காரர்கள் அடிக்கடி மேலே போய் வருகின்றன. விளையாடுகின்றன.’ கீழே சிவப்பு மையில் என் ‘சரி’ குறியும் கையொப்பமும் இருந்தன.

கோரிடோராஸ் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாகவும் ஆக்சிஜனைப் பெறக்கூடியது. எப்போதாவது மேலே வருவது இயல்பு. ஓயாமல் வந்தால், செவுள்வழிச் சுவாசம் போதவில்லை என்பதன் அறிகுறி. மாணவி கண்டதைச் சரியாக எழுதியிருந்தார். படித்தும் கேள்வி கேட்காதவள் நான்தான்.

மூன்றாம் படி: என்ன மாறியது?

‘இறப்புக்கு முந்தைய இரு வாரங்களில் தொட்டியில் எது மாறியது?’ என்று பட்டியலிட்டோம். ஒரே ஒரு மாற்றம்தான் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்காக, முந்தைய வெள்ளிக்கிழமை தொட்டியைப் ‘பளிச்’சென்று ஆக்கினோம். வடிகட்டியின் பஞ்சையும் அடிக் கூழாங்கற்களையும் வெண்மையாகும்வரை குழாயடியில் கழுவியது நானே. வழக்கம்போலத் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரை மட்டும் ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றினோம். பஞ்சையும் கற்களையும் குளோரின் வாடை வீசும் நீரில் நேராகக் கழுவினோம்.

இங்கே பாடநூலைத் திறந்தோம். மீன்களின் கழிவும் மீந்த இரையும் சிதைந்து அம்மோனியா உருவாகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் கடத்தும் திறனைக் கெடுக்கிறது. நைட்ரேட் ஒப்பளவில் தீங்கு குறைந்தது. அதைத் தாவரங்கள் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வாழுமிடம் பஞ்சும் கூழாங்கற்களும்தான்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “அப்போ நாம அழுக்குன்னு கழுவுனது பாக்டீரியாவையா டீச்சர்?”

நான்காம் படி: சோதனை

வண்ணமீன் கடைக்காரர் ஒருவரிடம் சொட்டுத் திரவச் சோதனைப் பெட்டியை இரவல் வாங்கினேன். அந்தப் பெட்டியில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. சோதனைக் குழாய் பச்சையானது. நைட்ரைட்டும் இருந்தது. அம்மோனியாவின் நச்சுத்தன்மை வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட மிகும் என்பதால், மார்ச் வெயிலும் தன் பங்கைச் செய்திருக்கும்.

எவ்வளவு நீரை மாற்றுவது? 90 × 45 செ.மீ. அடிப்பரப்பு, 40 செ.மீ. நீர்மட்டம்: 1,62,000 கன செ.மீ., அதாவது 162 லிட்டர். நாளுக்கு நான்கில் ஒரு பங்கு, சுமார் 40 லிட்டர். கனஅளவுக் கணக்கில் தயங்கும் பிள்ளைகளும் இதைப் போட்டுவிட்டார்கள். இரையைப் பாதியாக்கி, காற்றுக் குழாயைக் கூட்டினோம். வாரந்தோறும் சோதித்து வரைபடம் வரைந்தோம். முதலில் அம்மோனியா இறங்கியது, பிறகு நைட்ரைட். ஆறாம் வாரத்தில் இரண்டும் இல்லை. எஞ்சிய இரு கெளுத்திகளும் பிழைத்தன.

முடிவை எழுதும்போது பிள்ளைகள், ‘பஞ்சைக் கழுவியதே காரணம்’ என்று எழுத விரும்பினார்கள். அந்த மாணவிதான் மறுத்தார்: “செத்த அன்னிக்கு நாம தண்ணியைச் சோதிக்கலையே டீச்சர். ‘பெரும்பாலும்’னு போடுவோம்.” அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் எழுதினோம்.

உங்கள் வகுப்பறைக்கு

• மீன்தொட்டி இருந்தால், பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாக அலசுங்கள். பஞ்சையும் கற்களையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம்.

• குழாய் நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறும். குளோரமைன் கலந்த நீருக்கு இது போதாது. அதற்கெனக் கடையில் கிடைக்கும் நீர்மத்தைச் சேர்க்க வேண்டும்.

• தொட்டி இல்லாத பள்ளியில், செடி வாடுவது, கிணற்று நீர் நிறம் மாறுவது என எதையும் எடுத்துக்கொள்ளலாம். ‘என்ன மாறியது?’ பட்டியலும் நாட்குறிப்பும் போதும்.

• மாணவர் குறிப்பேட்டில் ‘சரி’ போடுமுன், அந்த வரி குறித்து ஒரு கேள்வியாவது எழுதுங்கள்.

இந்த ஆண்டும் தொட்டியின் பொறுப்பு அந்த மாணவியிடமே. இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற வாரக் குறிப்பில், ‘ஒரு கெளுத்தி ஓரமாகவே இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். கீழே, ‘எத்தனை நாளாக? வா, சேர்ந்து பார்ப்போம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.